சுவரோரம் ஒரு சாண் தரை

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீடு ஒரு நீண்ட வரிசையில் நாலாவது. பின்னால் ரயில் பாதை. முன்கூடத்துக்கு மட்டும் பூப்போட்ட சிமிட்டிக் கல் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லிலும் பச்சைக் கொடி, நடுவில் செங்காவி நிறத்தில் ஒரு பூ. அடுப்படியும் பின்கட்டும் வெறும் சிமிட்டித் தரைதான். கிள்ளானில் நான் வளர்ந்தது பலகைத் தரை வீடு. அதனால் அந்தக் கூடத்தைப் பார்த்த அன்றே எனக்கு இரண்டு எண்ணம் வந்தது. எவ்வளவு அழகு என்பது ஒன்று. இதை நான் எப்படியும் கெடுத்துவிடுவேன் என்பது இன்னொன்று.

அப்போது என் மகளுக்கு நாலு மாதம். இப்போது நாலு வயது நடக்கிறது, ஒரு தம்பியும் வந்துவிட்டான். நான் இதை எழுத உட்கார்ந்தால் வந்து பென்சிலைப் பிடுங்குகிறாள். நீ தவழ்ந்த கதையை எழுதுகிறேன் என்றால் முகத்தைச் சுளிக்கிறாள். பிறந்ததிலிருந்தே தான் ஓடிக்கொண்டிருப்பதாக அவளுக்கு நினைப்பு.

அவள் தவழவில்லை. அந்த வருஷம் எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான், ஆனால் அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

எங்கள் மனிதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, தவழ்ந்தால் அடை, வாசற்படி தாண்டினால் பாயசம் என்று செய்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் மாதம் என் மகள் குப்புற விழுந்தாள், கொழுக்கட்டை கொடுத்தோம். ஏழாம் மாதம் உட்கார்ந்தாள். பிறகு உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தாள். எட்டு போயிற்று, ஒன்பது போயிற்று. பாயின் நடுவில் ஒரு சின்னத் தாசில்தாரைப் போல உட்கார்ந்து நான் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் லோகோ ஷெட்டில் எஞ்சின் பழுதுபார்க்கும் பிட்டர். அக்காவுக்கு நாலு பிள்ளைகள், கடைசிப் பெண் என் மகளைவிட மூன்று வாரம் இளையவள். அந்தக் குழந்தை ஒன்பதாம் மாதத்திலேயே தவழ்ந்து வாசற்படியையும் தாண்டிவிட்டது. அடையும் பாயசமும் ஒரே வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தன. பாயசத்தை நான் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டம்ளரை உடனே கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன் நான் கிள்ளானில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அக்காவுக்கு அது ஒரு வேடிக்கை. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடும்போதெல்லாம் கேட்பார்.

"என்ன டீச்சரம்மா, அடைக்கு அரிசி ஊறப் போட்டாச்சா?"

அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எனக்கு இப்போது தெரிகிறது. அன்று உள்ளே போய்க் குழந்தையின் காலைத் தடவித் தடவிப் பார்ப்பேன். இந்தக் கால் அந்தக் காலைவிடச் சற்று மெலிந்திருக்கிறதோ? அளந்து பார்க்க ஒரு நூலை எடுத்துச் சுற்றியதும் உண்டு. இரண்டும் ஒரே அளவு. நூல் தளர்ந்திருக்குமோ என்று மறுபடியும் சுற்றினேன்.

வாரத்தில் ஒரு நாள் கைக்குழந்தைகளை எடை பார்க்கும் இடம் ஒன்று பக்கத்தில் இருந்தது. அங்கே இருந்த நர்ஸம்மா யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாரும் மிஸி என்று கூப்பிடுவோம். பத்து மாதம் ஆனபோது அவரிடம் கொண்டுபோய், கேட்கலாமா வேண்டாமா என்று வரிசையில் நின்ற நேரம் முழுக்க யோசித்து, கடைசியில் கேட்டுவிட்டேன். அவர் குழந்தையைக் கக்கத்தில் பிடித்து மேசைமேல் நிறுத்தினார், தொடையை அமுக்கினார், உள்ளங்காலைச் சுரண்டினார். இவள் சிரித்தாள்.

பகலில் பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்டார். இடுப்பில், தூளியில், பாயில் என்றேன். நிலத்தில் விடுவதில்லையா என்றார். பாய் நிலத்தில்தான் இருக்கிறது என்றேன். பாய் எவ்வளவு பெரிது என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன்.

"காலில ஒரு குறையும் இல்லை," என்றார். "நிலத்தில விடுங்கோ. நாள் முழுக்க இடுப்பில இருக்கிற பிள்ளைக்கு முழங்கால் எதுக்கு?"

இவ்வளவு சொன்னவர், வெளியே வரும்போது எல்லாத் தாய்மார்களுக்கும் கொடுப்பதுபோல எனக்கும் ஓர் அச்சிட்ட தாளைக் கொடுத்தார். மற்றவர்கள் அதை விசிறிக்கொண்டு போனார்கள். நான் படித்தேன். ரிக்‌ஷாவில் வீடு வந்து சேர்வதற்குள் மூன்று தரம் படித்தேன். தரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் அழுக்கு தங்கும், அதில் நோய்க்கிருமி வளரும், தவழும் குழந்தை கையில் அகப்பட்டதை வாயில் வைக்கும், ஆகையால் தாயானவள் அந்த இடங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. மிஸி சொன்னதையும் கேட்க வேண்டும், மிஸி கொடுத்த தாளையும் கேட்க வேண்டும். முதலில் தரையைச் சுத்தம் செய்வது, பிறகு குழந்தையை விடுவது என்று முடிவு செய்தேன். ஒரு நாள் வேலை, மிஞ்சிப் போனால் இரண்டு நாள் என்று நினைத்தேன்.

அன்று மாலை முதல் தடவையாகக் குனிந்து சுவரோரத்தைப் பார்த்தேன். தினமும் பெருக்கித் துடைக்கும் தரைதான். நின்று பார்த்தால் பளபளவென்று இருக்கும். குனிந்து பார்த்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓடும் சிமிட்டிக் கோடு கூடத்தின் நடுவில் சாம்பல் நிறம், சுவரை நெருங்க நெருங்கக் கறுப்பு. சுவரும் தரையும் சேரும் இடத்தில் நகக்கண்ணில் சேர்வதுபோல ஒரு பிசுக்கு. மூலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. நான் குழந்தையை இடுப்பில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டேன்.

மறுநாள் ஆரம்பித்தேன். குழந்தையைப் பாயில் உட்காரவைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்காலிலும் கையிலுமாகச் சுவரோரம் இறங்கினேன். துணியால் தேய்த்தால் கோட்டுக்குள் இறங்கவில்லை. தேங்காய் நார் மேலே மேலே ஓடியது. சோப்பு நுரைத்தது, அழுக்கு அசையவில்லை. சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டபோதுதான் முதல் பிசுக்கு கிளம்பியது. அதை எடுக்க, என் வீட்டுக்காரர் பல் துலக்கும் பிரஷ் வேண்டும் என்று தோன்றியது. எது பழையது என்று அவரிடம் கேட்டு, அவர் காட்டியதைத்தான் எடுத்தேன். மறுநாள் காலை அவர் பின்கட்டில் நின்று, பழையது வாயில் இருக்கிறது, புதியது எங்கே என்று கேட்டார். இரண்டு பேரும் மாறி மாறி அது நீங்கள் காட்டியது, நான் காட்டவில்லை என்று சொல்லிவிட்டுக் கடைசியில் சிரித்தோம். பல் துலக்கும் பிரஷ்ஷுக்குத் தரையில் ஆயுசு நாலு நாள் என்று அப்போது தெரிந்தது.

பிரஷ் போகாத மூலைக்கு ஈர்க்கு. விளக்குமாற்றில் ஏழெட்டு ஈர்க்கை உருவி, சேர்த்துக் கட்டி, நுனியைச் சாய்வாக வெட்டினால் மூலைக்கு என்றே செய்ததுபோல இருக்கும். அதுவும் போகாத இடத்துக்குக் கொண்டை ஊசி நுனியில் துணியைச் சுற்றிக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் உள்ள மூலையில் ஒரு சட்டைப் பொத்தானும், காய்ந்த வேப்பம்பூவும், யாரோ வெட்டிப் போட்ட நகமும் கிடைத்தன. எங்களுக்கு முன் இருந்தவர்களுடைய நகம். அன்று மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது. காலையில் வீட்டுக்காரர் ஸ்டேஷன் சரக்கு ஆபீசுக்குக் கிளம்பிப் போனதும் வீடு அமைதியாகிவிடும். பின்னால் எஞ்சின் மூச்சு விடும் சத்தம். சோடாத் தண்ணீரை ஊற்றுவேன், காத்திருப்பேன், தேய்ப்பேன், துணியில் ஒற்றி எடுப்பேன். கறுப்புக் கோடு பழுப்பாகும், பழுப்பு சாம்பலாகும், பிறகு திடீரென்று வெந்த சோற்றின் நிறத்தில் ஒரு கோடு தெரியும். இரண்டு கல் நீளம் வெளுத்ததும் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து பார்ப்பேன். அந்த இரண்டு கல்லிலும் கொடியும் பூவும் புதிதாக வரைந்ததுபோல எழுந்து நிற்கும். குழந்தையிடம், "பாரு, அம்மா எவ்வளவு தூரம் வந்துட்டேன்" என்று சொல்வேன். அவள் கையைத் தட்டுவாள். அவள் அப்போது எதற்கும் கை தட்டுவாள், இருந்தாலும் எனக்கு நிறைவாக இருந்தது.

இடது சுவர் முடிய ஒரு வாரம் ஆயிற்று. திரும்பிப் பார்த்தால் முதலில் வெளுத்த இடம் மறுபடி மங்கியிருந்தது. இது எனக்குப் புரியவே இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தேங்காய்ப்பால் பிழிந்த சக்கையைத் துணியில் முடிந்து கூடத்தின் நடுவைப் பளபளப்பாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் பூக்கல்லுக்கு அப்படித்தான் மெருகு ஏற்றுவார்கள். வாரம் தவறாமல் நானும் செய்வேன். அன்று சக்கையின் பால் எங்கே போகிறது என்று பார்த்தேன். நான் தள்ளத் தள்ள அது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்க் கோட்டுக்குள் இறங்கியது. அதன்மேல் தூசி ஒட்டும். எஞ்சின் புகையின் கரி ஒட்டும். ஆறு மாதமாக நான் நடுத் தரையை அழகாக்கி ஓரத்துக்கு அழுக்கை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மிஸியின் தாளில் இது இல்லை.

அக்காவிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நீ தரையைக் கழுவி முடிக்கிறதுக்குள்ள உன் மக சமைஞ்சிடுவா லா. பிள்ளையக் கீழ விடு. என் நாலும் மண்ணுலதான் உருண்டுச்சு."

அவருடைய நாலும் நன்றாகத்தான் இருந்தன. அந்த வாரம் ஒரு நாள், இடது சுவர் பக்கம் சுத்தம்தானே என்று, பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் குழந்தையைக் கல்லின்மேல் விட்டேன். அவள் கையை முன்னால் ஊன்றினாள். பின்பக்கம் தூக்கினாள். முழங்கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக வழுக்கிக்கொண்டு போயின, வயிறு தரையில் விழுந்தது, மோவாய் கல்லில் இடித்தது. மறுபடி தூக்கி வைத்தேன். மறுபடி அப்படியே. மூன்றாம் தடவை அவள் முயற்சியே செய்யாமல் என்னைப் பார்த்து அழுதாள்.

காலில் பலம் இல்லை என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. சாயங்காலம் வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். மிஸி ஒன்றும் இல்லை என்றாரே என்றார். மிஸி மேசைமேல் பார்த்தார், தரையில் பார்க்கவில்லையே என்றேன். அவர், தவழாமலே நேராக நடந்த குழந்தைகள் உண்டு என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். எனக்கு ஆறுதல் சொல்வதற்காக அவரே உண்டாக்கிய ஆள் அந்த யாரோ.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். அன்று காலை குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கினேன். பித்தளை பொன்னாக மின்னியது. கிண்ணத்தில் கரைத்த புளி மீதி இருந்தது. சாமி மாடத்துக்குக் கீழே உள்ள மூலை சோடாவுக்கும் மசியாமல் கறுத்துக் கிடந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய விளக்கையே வெளுக்கும் புளி, இதை வெளுக்காதா? ஒரு கரண்டி ஊற்றினேன். லேசாக நுரைத்தது. துடைத்துப் பார்த்தால் கோடு வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டு வாரமாக ஊசியாலும் ஈர்க்காலும் நான் பட்ட பாட்டுக்கு ஒரு நிமிஷத்தில் விடை.

எனக்கு வந்த சந்தோஷத்தில் யோசனை போய்விட்டது. எதையும் நாலு தரம் யோசிப்பவள் நான், அன்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. வீட்டில் இருந்த புளி உருண்டை முழுவதையும் கல் உப்போடு கரைத்தேன். குழந்தை தூளியில் தூங்கிய மத்தியானத்தில் நாலு சுவரோரமும் ஒரு சாண் அகலத்துக்குப் பூசி ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஈரமாக இருந்தவரை அது அரண்மனை மாதிரி இருந்தது.

காய்ந்த பிறகு பார்த்தேன். கோடு வெளுத்திருந்தது. கல்லும் வெளுத்திருந்தது. பச்சைக் கொடி சாம்பல் பூத்ததுபோல, செங்காவிப் பூ காய்ந்த வெற்றிலைச் சாறு போல. நடுத்தரை மெருகோடு மின்ன, அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் செத்த நிறத்தில் ஒரு கரை. கையால் தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரத்தது.

அக்கா வந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் திரும்பினார்.

"பித்தளைன்னு நினைச்சிட்டியா டீச்சரம்மா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, அழாத. எண்ணெய் போட்டுப் போட்டுத் தேச்சா ஏறிடும்," என்றார்.

வீட்டுக்காரர் கரையைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார். அன்று ரசம் வேண்டும் என்றுதான் கேட்டார். புளி இல்லை என்றேன். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. வீடு தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளிக்குச் சொந்தம், அவர் மாதம் ஒரு முறை கிள்ளானிலிருந்து வந்து பார்ப்பார். அவரிடம் சொல்ல வேண்டிய மலாய் வாக்கியங்களை மனதில் கட்டிப் பார்த்துக்கொண்டே படுத்தேன். தரையையும் கெடுத்தேன், குழந்தையும் தவழவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் ஒரு துணியும் எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்து மூலையில் முழங்காலிட்டேன். குழந்தை முந்தின நாளெல்லாம் சிணுங்கியதால், அவள் பாயைச் சுவரோரமாகவே எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தேன். எண்ணெய் போடுமுன் தூசியைத் துடைக்க வேண்டும் என்று, ஈரத் துணியோடு வழக்கம்போல நாலு காலில் சுவரை ஒட்டி நகர ஆரம்பித்தேன். நாலைந்து கல் போயிருப்பேன்.

பின்னால் ஒரு சத்தம். உள்ளங்கை கல்லில் படும் சத்தம். பட். கொஞ்சம் நின்று, இன்னொரு பட். நான் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயம். துணி கையில் இருக்க, எதையும் துடைக்காமல் இன்னும் ஒரு கல் முன்னால் போனேன். பட், பட். இன்னும் ஒரு கல். பிறகு ஈரமான ஒரு சின்னக் கை என் குதிகாலைப் பிடித்தது.

அப்போது திரும்பினேன். பாய் மூன்று முழம் பின்னால் கிடந்தது. இவள் சொரசொரத்த அந்தக் கரையின்மேல், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் இரண்டும் கல்லைக் கவ்விப் பிடித்தபடி, நான் நின்றதுபோலவே நின்றாள். வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. முகத்தில் ஒரு வேலையாளின் கடுமை. நான் இரண்டு வாரமாகத் தினமும் காலையில் எப்படிப் போனேனோ அப்படியே, தலையைக் குனிந்து சுவரோரத்தைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் காலில் பலம் இல்லாமல் போகவில்லை. என் தேங்காய்ச் சக்கை மெருகில் முழங்கால் நிற்க இடம் இல்லாமல் போயிருந்தது.

எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கி அடுப்படி மாடத்தில் வைத்தேன். அந்தக் கரைக்கு நான் எண்ணெய் போடவே இல்லை.

பிறகு வேலியண்டை ஓடி அக்காவைக் கூப்பிட்டேன். என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்துக் கையில் மாவோடு ஓடிவந்தார். குழந்தை அதற்குள் கதவு மூலை வரைக்கும் போய், அங்கே இரண்டு சுவருக்கும் நடுவில் தலையை முட்டிக்கொண்டு நின்றிருந்தது. நேராகப் போகத் தெரிந்தவளுக்குத் திரும்பத் தெரியவில்லை. பின்னால் வரவும் தெரியவில்லை. மூலையைப் பார்த்துக் கோபமாகக் கத்தினாள். அக்கா அவள் இடுப்பைப் பிடித்து அடுத்த சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். கிளம்பிவிட்டாள். அடுத்த மூலையில் மறுபடி கத்தல், மறுபடி திருப்பல். நாலு சுவரையும் ஒரு சுற்று வந்தாள். அக்காவும் நானும் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து திருப்பிவிட்டோம். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்க, கன்னமெல்லாம் மாவு.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். வீட்டுக்காரர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினவர் ஒரு செருப்போடு அப்படியே நின்றுவிட்டார். இவள் அவரைப் பார்த்தாள், நிற்கவில்லை, சுவரோரமாகவே போய்க்கொண்டிருந்தாள். நடுத் தரைக்குக் குறுக்கே நாலு அடி வந்தால் அப்பாவைத் தொட்டுவிடலாம். அவள் வரவில்லை.

"ரயில்வேக்காரன் பிள்ளை," என்றார். "தண்டவாளத்தை விட்டு இறங்காது."

இப்படிச் சொல்லிவிட்டு அவரே கதவு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் வந்து முட்டியபோது, வெளுத்த சட்டையோடு தரையில் படுத்து, வாயால் விசில் ஊதி, அவளைத் திருப்பிவிட்டார். அன்று சாப்பாடு சாப்பிட மூன்று மணி ஆயிற்று. பசித்தது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

அன்றே அரிசியும் பருப்பும் ஊறப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை அடை. தேங்காய்ப் பல்லு போட்டு, வெங்காயம் போட்டு, வரிசையில் ஒரு வீடு விடாமல் கொடுத்தோம். கொண்டுபோன இடத்திலெல்லாம் புளி விஷயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசி வீட்டு அம்மா அடையை வாங்கிக்கொண்டு, தொட்டுக்கப் புளிச்சட்னி இல்லையா என்று கேட்டார். நானும் சிரித்தேன். அந்த வருஷம் எதைக் கேட்டும் சிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றிய முதல் நாள் அது.

தவுக்கே மாத முதலில் வந்தார். நான் கட்டிவைத்த மலாய் வாக்கியங்களோடு நின்றேன். அவர் அண்ணாந்து கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்த்தார், பின்கட்டுக்குப் போனார், குழாயைத் திருகினார், கிளம்பிவிட்டார். தப்பித்தோம் என்று பேசாமல் இருக்க வேண்டியதுதானே. என்னால் முடியவில்லை. வாசல் வரைக்கும் ஓடி, தரையைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். நாலு பக்கமும் பார்த்தார். எந்த இடம் என்று கேட்டார்.

அதற்குப் பிறகும் ஓரங்களை நான் துடைத்தேன், சோடாவும் ஈர்க்கும் கொண்டு. நடுவில் தேங்காய்ச் சக்கை தேய்ப்பதை விட்டேன். மெருகு மெல்ல மெல்லப் போயிற்று. அது போகப் போக இவள் சுவரை விட்டு ஒரு கல், இரண்டு கல் என்று உள்ளே வந்தாள். மூலையில் திரும்பவும் கற்றுக்கொண்டாள். பின்பக்கத்தை முதலில் சுவரில் சாய்த்து, ஒரு கையை மட்டும் மாற்றி வைத்துத் திரும்புவாள். எஞ்சினைத் திருப்பும் வட்ட மேடையை நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்த தடவை எடை பார்க்கப் போனபோது மிஸி கேட்பதற்கு முன்பே சொன்னேன், தவழ்கிறாள் என்று. எங்கே பார்ப்போம் என்று அவர் அவளை வாங்கி, கூடத்தின் நடுவில் தரையில் விட்டார். பெரிய கூடம் அது, சதுரச் சதுரமாகச் சிவப்புக் கல். வரிசையில் பதினைந்து இருபது தாய்மார்கள். இவள் நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் பார்த்தாள். அசையவில்லை. நான் பொய் சொன்னதாக மிஸி நினைப்பாரோ? அல்லது நேற்று வரைக்கும் தவழ்ந்தது மறந்தே போயிற்றோ?

பிறகு தலையைத் திருப்பினாள். சுவரைத் தேடியிருக்கிறாள். கையை ஊன்றி, பெஞ்சின் கால்களுக்கு நடுவே புகுந்து, ஒரு அம்மாவின் செருப்பைத் தாண்டி நேராகச் சுவருக்குப் போனாள். அங்கே சேர்ந்ததும் பக்கவாட்டில் திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு, சுவரோரமாகப் புறப்பட்டாள். பட் பட் பட் என்று கூடம் முழுக்கக் கேட்டது. பெண்கள் காலைத் தூக்கி வழி விட்டார்கள். மிஸி சிரித்தார்.

"எலியோ பிள்ளையோ?" என்றார்.

நான் அந்தச் சுவரோரத்தைப் பார்த்தேன். கல்லுக்கு நடுவே கோடு கறுத்துக் கிடந்தது. மூலையில் அந்தப் பிசுக்கு, பஞ்சுத் துணுக்கு, யாரோ சாப்பிட்ட ரொட்டித் தூள், எல்லாம் இருந்தன. மிஸியின் சொந்தக் கூடத்தில். என் கை தானாகக் கொண்டை ஊசிக்குப் போனது. இவள் அந்த மூலையை நோக்கி விரைந்து போய்க்கொண்டிருந்தாள், நடுவில் ஒரு முறை நின்று நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தாள்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, போ போ என்றேன். போனாள்.